மலைக்கு நடந்தே போனோம்: உங்களுக்கு நினைவில் நிற்பது எது?

அடிவாரக்காற்று | ஞாயிறு, இரவு 9.40

பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வர் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு நடந்தே ஏறினோம். பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். இப்போது எல்லோருக்கும் நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான், ஒருவன் வங்கியில் இருக்கிறான், ஒருவன் வெளிமாநிலங்களுக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறான், நான் அச்சகம் நடத்துகிறேன். சேலத்தில் பிறந்தவர்களுக்கு ஏற்காடு புதிதல்ல. வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதுகூட வடக்கே அந்த மலை தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் எத்தனை முறை கடந்தோம் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்த மலையைக் காலால் அளந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை என்பது போன தீபாவளியன்று பேச்சுவாக்கில்தான் எங்களுக்கே தெரிந்தது.

வனத்துறை அனுமதி பெற்று, மலைக்கிராமத்து வழிகாட்டி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, விடியுமுன் அடிவாரத்தில் இறங்கினோம். முதல் ஒரு மணி நேரம் எவருக்கும் இன்பமாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முள், சரளைக்கல், மூச்சிரைப்பு, அதற்கு மேல் வங்கி நண்பனின் புதுக் காலணி கடித்த கடி. இரண்டாவது மணி நேரத்தின் நடுவில் ஒரு திருப்பத்தில் காற்று மாறியது. எதிரே வந்த காற்றில் புழுதி வாசம் போய் ஈரமண்ணும் இலைச்சாறும் கலந்த ஒரு வாசம் வந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே நால்வரும் ஒரே இடத்தில் நின்றோம். முதுகில் வியர்வை குளிர்ந்ததை உணர்ந்த அந்த அரை நிமிடத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை.

பத்து மணி அளவில் ஒரு பாறைமேல் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். மந்தாரை இலையில் புளிச்சோறு, நிலக்கடலைத் துவையல், உப்பில் ஊறிய நார்த்தங்காய். என் மனைவி வீட்டில் மாதம் இருமுறை செய்கிற அதே புளிச்சோறுதான். வீட்டில் அதைப் பாராட்டாத என்னை அன்றைக்கு அவள் பார்த்திருக்க வேண்டும். லாரி நண்பன் உண்ட கையோடு அதே பாறையில் படுத்துத் தூங்கிவிட்டான். இன்ஜின் சத்தம் இல்லாமல் பகலில் தூங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்று என்று பிறகு சொன்னான். அவனை எழுப்ப எவருக்கும் மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, வெகு நாட்களாகப் பேசாத பழைய கதைகளைத் தணிந்த குரலில் பேசினோம்.

உச்சியில் சேர்வராயன் கோவிலுக்கும் போனோம். கடைசித் தூரத்தை ஜீப்பில் கடந்தோம் என்பதை மறைக்கப் போவதில்லை. கோவிலும் அங்கிருந்து தெரிந்த காட்சியும் அருமைதான். இருந்தாலும் வீடு திரும்பிப் படுத்தபோது கண்முன் வந்தவை அந்தக் காற்றும் அந்தப் பாறையும்தான். நண்பர்களோடு மலை நடந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நினைவில் நிற்பது எது?

படப்பெட்டி | ஞாயிறு, இரவு 10.15

நல்ல அனுபவம். ஆனால் எனக்கு ஓர் ஐயம். அதே காற்று கொண்டை ஊசி வளைவிலும் வீசுகிறது, அதே புளிச்சோற்றை வண்டியை ஓரங்கட்டிவிட்டும் உண்ணலாம். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஆறு மணி நேரம் செலவழித்ததற்கு நியாயம் தேடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. நடந்த தடம் எது, எங்கே தொடங்குகிறது என்பதையும் எழுதியிருந்தால் பிறருக்குப் பயன்படும்.

சாக்கட்டி ஐயா | திங்கள், காலை 6.05

நான் முப்பத்தோராண்டுகள் புவியியல் கற்பித்தவன். அடிவாரக்காற்று அந்தத் திருப்பத்தில் உணர்ந்தது மனமயக்கம் அன்று என்பதைப் படப்பெட்டித் தம்பிக்குச் சொல்ல வேண்டும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறிலிருந்து ஏழு டிகிரி வரை குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் அடிவாரத்துக்கும் மேட்டுக்கும் இடையில் ஏழெட்டு டிகிரி வேறுபாடு இருக்கிறது. வண்டியில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இந்த ஏழெட்டு டிகிரியையும் மொத்தமாகத் தாண்டி, இறங்கியவுடன் ‘அடடா, குளிர்கிறதே’ என்று சால்வையைத் தேடுகிறார். நடப்பவருக்கு அது சிறிது சிறிதாகக் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, வியர்த்த உடம்பில் படும் காற்று இருப்பதைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். நடந்து வியர்க்காதவருக்கு அந்தத் திருப்பத்தில் ஒன்றுமே நிகழ்ந்திருக்காது.

நீங்கள் உட்கார்ந்த பாறையைப் பற்றியும் ஒரு சொல். அது நீலம் ஓடிய சாம்பல் நிறத்தில் இருந்திருக்குமானால் பெரும்பாலும் சார்னகைட் ஆக இருக்கும். இந்த மலையின் உடம்பே அதுதான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இந்த வகைக் கல் இருந்ததால் 1893-இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் அவர் பெயரையே கல்லுக்கும் இட்டார். அடிவாரத்துச் சாக்கட்டி மலையில் வெள்ளையாக வெட்டியெடுக்கப்படுவது வேறு, அது மேக்னசைட் என்ற தாது. என் புனைபெயரும் அந்த மலையிலிருந்து வந்ததுதான். மேலே போகப்போகச் செம்மண்ணும் பாக்சைட்டும் மூடிய தட்டையான மேடுகள் வரும். செங்குத்தாக ஏறிக் களைத்த முழங்காலுக்கு அந்தச் சமதளத்தில் வைக்கும் முதல் நூறு அடி எப்படி இருக்கும் என்பதை எந்தப் பாடநூலும் சொல்லாது. நான் இந்த மலைக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அவர்கள் தாங்களாகவே ஓடத் தொடங்குவார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த ஓட்டம்தான்.

அடிவாரக்காற்று | திங்கள், மதியம் 1.20

ஐயா, அந்தப் பாறை நீங்கள் சொன்ன நிறம்தான். காலை வெயிலில் இதமாகச் சூடேறியிருந்தது. லாரி நண்பன் தூங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தடத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. படப்பெட்டி பொறுத்துக்கொள்ள வேண்டும். அனுமதி கேட்கும்போது வனத்துறை அலுவலகமே எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

நியாயம் தேடுகிறேனா என்ற கேள்விக்கு ஒன்று சொல்கிறேன். காரில் நால்வர் போனால் ஓட்டுபவனின் வேகமே நால்வரின் வேகம். நடையில் அப்படியில்லை, வேகமாக நடப்பவன் முன்னால் போய்விடுவான், பின்னால் வருபவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும் நேரத்தில் முன்னவன் இளைப்பாறி முடித்து எழுந்துவிடுவான். மெதுவாக நடப்பவனுக்கு ஓய்வே கிடைக்காது. எங்கள் வழிகாட்டி இதை முதல் கால் மணி நேரத்திலேயே கவனித்து, எங்களில் மிக மெதுவாக நடந்த லாரி நண்பனை முன்னால் விட்டார். உட்கார்ந்தே வேலை செய்து அவனுக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது. ‘நெடுஞ்சாலையிலும் இவன் முன்னால் போனால் நாம் முந்த முடியாது’ என்று பட்டறைக்காரன் கேலி செய்தான். ஆனால் அதற்குப் பிறகுதான் நால்வரும் ஒன்றாக நடந்தோம், பேச்சும் வந்தது. பேச்சற்று நடந்த நேரமும் உறுத்தவில்லை.

நேர்வழி | திங்கள், மாலை 4.50

அனுமதி பெற்றுச் சென்றோம் என்று ஒரு வரி எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தகைய பதிவுகளில் அந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே எவரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 தடங்களுக்கு இணையத்தில் பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு செல்ல வழி இருக்கிறது. மாசி பிறந்து புல் காய்ந்துவிட்டால் தடங்களை மூடிவிடுவார்கள், அதற்குள் போக வேண்டும்.

இன்பத்தைக் கேட்ட இழையில் எச்சரிக்கை எழுதுகிறேனே என்று எண்ண வேண்டாம். எனக்கு நினைவில் நிற்பதும் வழிகாட்டி ஒருவர் கையை உயர்த்தி நிறுத்திய கணம்தான். காப்பித் தோட்டத்து நிழலில், ஐம்பது அடிக்கு அப்பால், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் ஒரு காட்டெருமை நின்றிருந்தது. ஆறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், மென்று முடித்து, தன் வழியே இறங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அரை மணி நேரம் நாங்கள் சிரித்த சிரிப்பு அச்சத்தினாலா மகிழ்ச்சியினாலா என்று இன்னும் தெரியவில்லை.

சிறுநடை | திங்கள், இரவு 8.30

நாங்கள் ஐந்து பெண்கள், ஆண்டுக்கு இருமுறை ஏற்காட்டுப் பக்கம் நடக்கிறோம். எங்களில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரை முன்னால் விட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை, அவரை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடு.

மேலே எழுதியவர்களின் கட்டுச்சோற்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விடியுமுன் அடிவாரத்தில் இறங்கினார்கள் என்றால், அந்தப் புளிச்சோற்றைக் கிளற ஒருவர் மூன்று மணிக்கே எழுந்திருக்க வேண்டும். அவர் அந்தப் பாறையில் இல்லை. (அண்ணா, கோபிக்க வேண்டாம், பாராட்டாமல் இருந்ததை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.) எங்கள் முதல் நடையில் நாங்களும் ஐவரும் இரவெல்லாம் சமைத்து, கண் எரிய மலையேறி, பாறையில் உட்கார்ந்தும் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டிருந்தோம். வீட்டுச் சமையலறையை முதுகில் தூக்கி வந்ததுபோல் ஆயிற்று. இரண்டாம் நடையிலிருந்து அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். மலைக்கிராமத்து வீடு ஒன்றில் முன்கூட்டியே பணம் கொடுத்து, பகல் சோற்றுக்குச் சொல்லிவைத்துவிடுகிறோம். சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, ஒரு கீரை. திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து, நாங்கள் சமைக்காத சோற்றை, எவருக்கு என்ன வேண்டும் என்று எழுந்து பார்க்க வேண்டிய கடமை இல்லாமல் உண்பதைப் போன்ற ஒரு சுகம் எங்கள் ஐவருக்கும் நகரத்தில் கிடைத்ததில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மேட்டில் தொலைபேசித் தொடர்பு அறுந்துபோகும் இடங்கள் உண்டு. ‘சாவி எங்கே வைத்தாய்’, ‘பால் காய்ச்சிவிட்டாயா’ என்ற கேள்விகள் அங்கே ஏறி வருவதில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி அந்த இடத்துக்கு வந்தவுடன் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, கோவிலில் விபூதி வாங்குபவள்போல் அதை இரு கைகளாலும் பைக்குள் வைப்பாள்.

படப்பெட்டி | திங்கள், இரவு 9.05

புளிச்சோற்றுக் கணக்கை நான் யோசிக்கவில்லை. என் கட்சி சற்றுப் பலவீனமாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மிளகுக்கொடி | செவ்வாய், காலை 11.10

நான் இந்த மலையில் பிறந்தவள். எங்கள் மக்களை மலையாளி என்பார்கள். கேரளத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். மலையேறி வருகிறவர்களில் பத்தில் ஒருவராவது என்னிடம் மலையாளத்தில் இரண்டு சொல் பேசிப் பார்ப்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

உங்கள் பதிவுகளைப் படித்தேன். நீங்கள் காடு என்று நினைத்து நடந்ததில் பாதி எங்கள் தோட்டமும் எங்கள் வழியும்தான். சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறியிருந்தால் அதை நட்டவர் ஒருவர் இருப்பார், அதன் நிழலில் காப்பிப் பழம் சிவந்திருந்தால் பறிக்கப் போகிறவர் ஒருவர் இருப்பார். நீங்கள் ஏறிய பாதை போன்ற பாதைகளில்தான் என் பாட்டி காலத்தில் தலைச்சுமையோடு சந்தைக்கு இறங்கினார்கள், பிரசவ வேதனையில் இருந்தவர்களைத் தூளி கட்டித் தூக்கிச் சென்றார்கள். ஆகவே அந்தப் பாதையில் இன்பம் இருக்கிறது என்று நீங்கள் எழுதுவதை முதலில் படித்தபோது எனக்கு என்னவோபோல் இருந்தது. பிறகு, சுமை இல்லாமல் நடக்கும்போது அந்தப் பாதை எங்களுக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

சிறுநடை அக்கா எழுதியதுபோல் எங்கள் வீட்டிலும் நடந்து வருகிறவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுக்கிறோம். சாமையைக் குத்திப் புடைத்து உலையில் போடுவது எளிய வேலையன்று. பேசிய பணத்தைக் கேட்காமலே கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மலை மக்களின் விருந்தோம்பல்’ என்று படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். பாறையில் இலையை விட்டுப் போனால் மாடு தின்னும், பிளாஸ்டிக் உறையை விட்டுப் போனாலும் மாடு தின்னும். இரண்டாவதைத் தின்ற மாடு என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்களுக்கும் தோழியரோடு நடக்கும் ஒரு நாள் உண்டு, ஆனால் அது கீழ்நோக்கி. காப்பிப் பறிப்பு முடிந்து கூலி கைக்கு வந்ததும் நாங்கள் ஆறேழு பேர் விடியற்காலையில் பேசிக்கொண்டே மலையிறங்கி, சேலத்தில் துணி எடுத்து, வளையல் வாங்கி, தெருவோரத் தள்ளுவண்டியில், இரண்டு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் உண்டுவிட்டு, கடைசிப் பேருந்தில் ஏறி வருவோம். இறங்கும்போது காற்று சூடாகி, புழுதி வாசம் வந்து, வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கும் ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கே நாங்களும் நிற்போம். உங்களுக்குக் குளிர்ந்த இடமும் எங்களுக்குச் சுட்ட இடமும் ஒன்றாகவே இருக்கலாம் என்று நேற்று இரவு நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மலைமேல் நிற்கும் இன்பத்தைக் கேட்டால், பங்குனியில் ஒரு மழை பெய்து, பத்து நாள் கழித்துத் தோட்டம் முழுவதும் காப்பிப் பூ ஒரே இரவில் வெள்ளையாகப் பூத்துக்கிடக்கும் காலையைச் சொல்வேன். மல்லிகைபோல் மணக்கும். இரண்டு மூன்று நாள்தான், பிறகு பூ வாடி உதிர்ந்துவிடும். நீங்கள் பெரும்பாலும் அப்போது வருவதில்லை. வந்தாலும் காட்டுப்பாதை மூடியிருக்கும், தார்ச்சாலையில்தான் வர வேண்டும்.

சாக்கட்டி ஐயா | செவ்வாய், மதியம் 12.00

அம்மா, முப்பத்தோராண்டுகள் பாடம் நடத்தியும் அந்தத் திருப்பத்தை ஏறுகிறவர் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அடிவாரக்காற்று | செவ்வாய், இரவு 9.30

சிறுநடை எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தேன். மூன்று மணிக்கு அன்று, இரண்டரை மணிக்கு எழுந்ததாக மனைவி திருத்தினாள். அடுத்த நடைக்குத் தானும் வருவதாகவும் சொல்லிவிட்டாள். ஆகவே தை முடிவதற்குள், தடம் மூடுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் ஏறுவதாக இருக்கிறோம். பழைய நால்வரோடு இருவரின் மனைவியரும் சேர்வதால் ஆறு பேர். லாரி நண்பன் ஒடிசாவிலிருந்து அதற்குள் திரும்பிவிடுவான். அவன் இல்லாமல் போவதில்லை, முன்னால் நடக்க ஆள் வேண்டும்.

மிளகுக்கொடி அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு பேருக்குப் பகல் சோறு உங்கள் வீட்டில் கிடைக்குமா? தொகையை நீங்கள் சொல்லுங்கள், முன்பணமாகவே கொடுத்துவிடுகிறோம். கூடவே உங்கள் தோழியர் ஆறேழு பேருக்கும் தட்டுவடை செட் வாங்கி வரலாம் என்று பட்டறைக்காரன் சொல்கிறான். அவன் கடைக்கு எதிரிலேயே ஒரு தள்ளுவண்டி இருக்கிறது.

நெறியாளர் | செவ்வாய், இரவு 9.45

தொலைபேசி எண்களையும் வீட்டு அடையாளங்களையும் தனிமடலில் பரிமாறிக்கொள்ள வேண்டுகிறேன். இழை திறந்தே இருக்கும்.

மிளகுக்கொடி | புதன், காலை 7.20

தை கடைசி ஞாயிறு என்றால் சரி, அதற்கு மேல் பச்சை மொச்சை இருக்காது. சோற்றுக்கான தொகையைத் தனிமடலில் எழுதியிருக்கிறேன்.

தட்டுவடையைச் சேர்த்து அடுக்கிக் கொண்டுவர வேண்டாம். ஆறு மணி நேர நடையில் சட்னி ஊறி எல்லாம் நமத்துப்போகும். வடையைத் தனியாகவும், இரண்டு சட்னிகளையும் தூக்குவாளியில் தனித்தனியாகவும் எடுத்து வாருங்கள். துருவிய காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் இங்கேயே கிடைக்கும், நாங்கள் துருவி வைக்கிறோம்.